கொரண்டம்: சாணைக்கல்லிலிருந்து ஆங்கில அகராதிக்குப் போன சொல் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்ற சொற்கள் எவை என்று கேட்டால் கட்டுமரம், மிளகுதண்ணீர், சுருட்டு, கறி என்று ஒரு பட்டியல் உடனே வந்துவிடும். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் ஒரு சொல்லைப் பற்றியது இப்பக்கம். ஆங்கிலம் பேசுவோரிலேயே பலர் இதை ஒருமுறைகூட வாயால் சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் கைக்கடிகாரக் கண்ணாடியிலும், நகை வைக்கும் பெட்டியிலும், அரவை ஆலையிலும் அந்தச் சொல் குறிக்கும் பொருள் இருக்கிறது.

கொரண்டம் என்றால் என்ன?

அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்து படிகமான கனிமத்துக்கு ஆங்கிலத்தில் கொரண்டம் என்று பெயர். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் இதற்கு ஒன்பதாம் இடம். இதற்கு மேலே பத்தாம் இடத்தில் வைரம் மட்டுமே இருக்கிறது. தூய நிலையில் இதற்கு நிறமில்லை. மிகச் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவந்து மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலமாகிறது. ஒளி ஊடுருவாத, பழுப்பும் சாம்பலுமான, யாரும் கழுத்தில் அணிய விரும்பாத கட்டிகளே மண்ணில் அதிகம் கிடைக்கின்றன. அந்தக் கட்டிகளைத்தான் நம் ஊரில் குருந்தம், குருந்தக்கல் என்று அழைத்தார்கள். ஆங்கிலத்தில் இச்சொல்லை இரண்டாம் அசையை அழுத்தி, ஏறத்தாழ ‘கரண்டம்’ என்று ஒலிப்பார்கள். தமிழில் எழுதும்போது ‘கொரண்டம்’ என்றே வழங்குவதால் இங்கும் அந்த வடிவத்தையே ஆள்கிறேன்.

இது தமிழ்ச் சொல்தானா? அகராதிகள் என்ன சொல்கின்றன?

பெரிய ஆங்கில அகராதிகள் இதன் மூலத்தைக் காட்டும்போது தமிழின் ‘குருந்தம்’, தெலுங்கின் ‘குருவிந்தம்’, சமஸ்கிருதத்தின் ‘குருவிந்த’ ஆகிய மூன்றையும் அடுத்தடுத்து வைக்கின்றன. ஆங்கிலேய இந்தியாவின் கலப்புச் சொற்களைத் தொகுத்து 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி ஒரு படி மேலே சென்று, ஆங்கில வடிவத்துக்கு நேரடி மூலமாக இருந்திருக்கக்கூடியது தமிழ் வடிவமே என்று கருதியது. வடிவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் அதன் காரணம் எளிதில் புலப்படும். ‘கொரண்டம்’ என்பதில் வகரத்துக்கு இடமில்லை. ‘குருந்தம்’ என்பதிலும் இல்லை. ‘குருவிந்தம்’ என்பதில் இருக்கிறது.

ஆயினும் ‘நேரடி மூலம் தமிழ்’ என்பதும் ‘இந்தச் சொல் தமிழில் பிறந்தது’ என்பதும் ஒன்றல்ல. முதல் கூற்று, ஆங்கிலேயர் எந்த வாயிலிருந்து இதைக் கேட்டார்கள் என்பதைப் பற்றியது. இரண்டாம் கூற்று அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தைய ஒரு வரலாற்றைப் பற்றியது. இணையத்தில் நம்மவர்கள் எழுதும் சொற்பிறப்புக் குறிப்புகளில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழைக்கப்படுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

ஐரோப்பியர் எழுத்தில் இச்சொல் முதலில் எங்கே தென்படுகிறது?

கோல்கொண்டா அரசில் 1660-களின் நடுவில் பயணம் செய்த ஜான் தெவனோ என்னும் பிரெஞ்சுக்காரரின் குறிப்பு மிகப் பழையவற்றுள் ஒன்று. அவர், அந்நாட்டின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெள்ளை எமரி (எமரி என்பது ஐரோப்பியர் தீட்டவும் மெருகிடவும் பயன்படுத்திய கடினமான பாறை) கற்களாகக் கிடைக்கிறது என்றும், தெலுங்கில் அதற்குக் ‘கொரிந்த்’ என்று பெயர் என்றும் எழுதினார். புதிய பொருள் ஒன்றைக் கண்டவர், தன் நாட்டில் அறிந்த எமரியின் பெயரை முதலில் சொல்லி, பிறகு உள்ளூர்ப் பெயரைத் தருகிறார். பொருள் எமரிபோல் இருக்கிறது, ஆனால் எமரி அல்ல என்ற தயக்கம் அந்த வாக்கியத்திலேயே தெரிகிறது.

ஆங்கிலத்தில் முதலில் பதிவு செய்தவர் ஜான் உட்வர்ட். இவர் இலண்டன் மருத்துவர்; கற்களையும் புதைபடிவங்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்தவர். உலகின் பல மூலைகளிலிருந்து தமக்கு அனுப்பப்பட்ட மாதிரிகளுக்கு ஒரு பட்டியல் எழுதியபோது, 1725-இல், ‘கொரிவிந்தம்’ என்ற பெயரைச் சேர்த்தார். அவர் விட்டுச்சென்ற தொகுப்பு, மூல மர அலமாரிகளோடு, இன்றும் கேம்பிரிட்ஜில் பாதுகாக்கப்படுகிறது.

உட்வர்ட் எழுதிய ‘நெல்லா கொரிவிந்தம்’ என்பது ‘நெல் குருவிந்தமா’, ‘நல்ல குருவிந்தமா’?

இரண்டுமில்லை. இந்தக் கேள்வி எழுவதற்கு நியாயமான காரணம் உண்டு. உட்வர்ட்டின் குறிப்பில் ‘நெல்லா கொரிவிந்தம்’ நெல் விளையும் வயல்களில் கிடைக்கிறது என்றும், வயல் எலிகள் வளை தோண்டும்போது அதை வெளியே தள்ளுகின்றன என்றும், இங்கிலாந்தில் எமரியைப் போல அங்கே இரும்பை மெருகிட அது பயன்படுகிறது என்றும் இருக்கிறது. நெல்வயலைப் பற்றிப் பேசும் வரியில் ‘நெல்லா’ என்று வந்தால் தமிழர் காதில் நெல்தான் ஒலிக்கும்.

ஆனால் அதே பட்டியலில் ‘தெல்லா கொரிவிந்தம்’ என்ற இன்னொரு வகையும் வருகிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் புதிர் அவிழ்ந்துவிடும். தெலுங்கில் ‘நல்ல’ என்றால் கறுப்பு, ‘தெல்ல’ என்றால் வெள்ளை. கறுப்புக் குருவிந்தம், வெள்ளைக் குருவிந்தம் என்று நிறம் பார்த்து வகை பிரித்த ஒரு தெலுங்கரின் சொற்களை, பொருள் தெரியாத யாரோ ஒருவர் அப்படியே காகிதத்தில் எழுதி, கல்லோடு கட்டி அனுப்பியிருக்கிறார். மாதிரிச் சீட்டில் எழுதப்பட்ட உள்ளூர்ப் பெயர்தான் ஐரோப்பியக் கனிமவியலுக்குள் நுழைந்தது. அந்தச் சீட்டை எழுதச் சொன்னவர் கவிஞரோ பண்டிதரோ அல்லர், கல்லோடு பழகிய ஒருவர் என்பதற்கு எலி வளையைப் பற்றிய அந்தக் குறிப்பே போதும் என்பது என் எண்ணம்.

அப்படியானால் பெருமை தெலுங்குக்கா, தமிழுக்கா?

முதல் இரண்டு பதிவுகளும் தெலுங்கைச் சார்ந்தவை என்பதை மறைப்பதில் பொருளில்லை. இன்று நிலைத்திருக்கும் வடிவம் தமிழ் வடிவத்தோடு கூடுதலாக ஒத்துப்போகிறது என்பதும் உண்மையே. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளின் சென்னைப்பட்டினத்தில் இரு மொழிகளும் ஒரே தெருவில், பல வீடுகளில் ஒரே திண்ணையில் பேசப்பட்டன. கோட்டையைச் சுற்றியிருந்த துபாஷிகளும் (மொழிபெயர்ப்பாளர்கள்) கல்வினைஞர்களும் வணிகர்களும் இரண்டையும் அறிந்தவர்கள். அங்கே காதால் கேட்டு எழுதப்பட்ட ஒரு சொல்லை இரண்டாக அறுத்துப் பங்கு போட முடியாது.

சென்னைக்கும் இதற்கும் உள்ள தொடர்பு அவ்வளவுதானா?

இல்லை. உட்வர்ட்டின் பட்டியல் வெளியான பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இச்சொல் ஐரோப்பாவில் உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பியது சென்னையிலிருந்து போன ஒரு பெட்டி. 1768 வாக்கில், சென்னையில் மருத்துவராக இருந்த டாக்டர் ஆண்டர்சன், எடின்பரோவில் முத்திரைக்கல் செதுக்கும் கலைஞரான வில்லியம் பெரிக்கு ஒரு பெட்டி நிறையப் படிகங்களை அனுப்பினார். வைரம் தவிர மற்றெல்லா மணிகளையும் மெருகிட இந்தியர்கள் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்ற செய்தியும் அதனுடன் போயிற்று.

பெரி அதைச் சோதித்துப் பார்த்தார். அகேட்டையும் பிற கற்களையும் அது அறுத்தது. அந்நகரின் புகழ்பெற்ற வேதியியலாளர் ஜோசப் பிளாக் அதை ஆராய்ந்து, அறிந்த கற்கள் எவற்றோடும் இது சேரவில்லை என்று கண்டார். வைரத்துக்கு அடுத்த அதன் கடினத்தை முன்னிட்டு, ‘வைரம் போன்ற படிகம்’ என்று பொருள்படும் ‘அடமன்டைன் ஸ்பார்’ என்ற பெயர் வழக்குக்கு வந்தது. ஆக, கல் புதிதாக வந்தபோது உள்ளூர்ப் பெயர் வழியில் எங்கோ நழுவிவிட்டது. கிரேக்க வேர் கொண்ட ஒரு பெயர் அந்த இடத்தில் அமர்ந்தது. சில காலம் அதுவே நிலைத்திருந்தால் இப்பக்கத்துக்குத் தேவையே இருந்திருக்காது.

பிறகு உள்ளூர்ப் பெயர் எப்படி வென்றது?

இருவர் பெயரைச் சொல்ல வேண்டும். அயர்லாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கிர்வன் தம் கனிமவியல் நூலில் 1794-இல் இன்றைய எழுத்துக்கூட்டலை ஆண்டார். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1798-இல், சார்லஸ் கிரெவில் ‘ஆசியாவின் கொரண்டம் கல்’ என்ற தலைப்பில் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார்.

கிரெவில் கனிமப் பித்துப் பிடித்த பிரபு. அவர் இறந்த பிறகு, 1810-இல், அவருடைய தொகுப்பைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக 13,727 பவுன் கொடுத்து வாங்கினார்கள் என்றால் அது எத்தகைய தொகுப்பு என்று ஊகித்துக்கொள்ளலாம். உட்வர்ட்டின் பழைய பட்டியலையும், பெரிக்குப் போன பெட்டியையும், இந்தியாவிலிருந்து தமக்கு வந்த கடிதங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, இவை எல்லாம் பேசுவது ஒரே கல்லைத்தான் என்று காட்டியவர் அவர். சொல்லின் வரலாறு நமக்கு இன்று இவ்வளவு தெளிவாகக் கிடைப்பதற்கு அந்தக் கட்டுரையே பெருங்காரணம். அதே 1798-இலும் மீண்டும் 1802-இலும், பிரெஞ்சுப் புரட்சிக்குத் தப்பி இலண்டனுக்கு வந்திருந்த பூர்னோன் என்ற படிகவியலாளர், மங்கலான இந்தக் கல்லும் ஒளிரும் மாணிக்கமும் நீலமும் படிக அமைப்பில் ஒன்றே என்று நிறுவினார். அதன்பின் மூன்றுக்கும் பொதுவான ஒரு பெயர் அறிவியலுக்குத் தேவைப்பட்டது. கையில் இருந்த பெயர் கொரண்டம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விலைமதிப்பற்ற மாணிக்கத்தை ‘சிவப்புக் கொரண்டம்’ என்று கனிமவியல் வகைப்படுத்துகிறது. அரண்மனைக் கிரீடத்தில் இருக்கும் கல்லுக்குக் குடும்பப் பெயராக வாய்த்தது, கத்தி தீட்டுபவர் தம் சக்கரத்தில் பூசிய கல்லின் பெயர்.

கிரெவிலின் கற்கள் எந்த ஊரிலிருந்து போயின?

அவர் எழுத்தில் ‘பெர்மெட்டி’ என்று வரும் இடம் நம் பரமத்திதான். காவிரிக்கு அருகில், அன்று சேலத்தோடும் இன்று நாமக்கல் மாவட்டத்தோடும் சேர்ந்த பகுதி. அதையொட்டிய சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதி, குருந்தம் தாங்கிய பாறைகளுக்காக நிலவியலாளர்களிடையே உலகெங்கும் அறியப்பட்டது. தர்மபுரிப் பக்கம் பாப்பாரப்பட்டியிலும், காங்கேயத்தை அடுத்த சிவன்மலையிலும் குருந்தம் உண்டு. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை நாட்டின் பொருளாதாரக் கனிமங்களைப் பற்றிய கையேட்டை 1898-இல் புதுப்பிக்கத் தொடங்கியபோது, டி. எச். ஹாலந்து எழுதிய முதல் பகுதி முழுவதும் குருந்தத்தைப் பற்றியதாகவே அமைந்தது.

சித்தம்பூண்டியைப் பற்றி இன்னொரு செய்தி, சொல்லோடு நேரடித் தொடர்பில்லாவிட்டாலும், சொல்லாமல் விட மனம் வரவில்லை. அங்கே குருந்தத்தைத் தன்னுள் வைத்திருக்கும் தாய்ப்பாறைக்கு அனார்த்தோசைட் என்று பெயர்; நிலவின் மேட்டு நிலங்களும் பெரும்பாலும் அதே வகைப் பாறையால் ஆனவை. அதனால் சந்திரயான் திட்டத்தில் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதிக்க இஸ்ரோவுக்குச் செயற்கை நிலவு மண் தேவைப்பட்டபோது, சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்களின் பாறையை அரைத்துத்தான் அதைச் செய்தார்கள்.

குருந்தத்தை நம்மவர்கள் எப்படிப் பயன்படுத்தினார்கள்?

கல்லை இடித்துச் சலித்துத் தூளாக்கி, உருக்கிய அரக்கில் கலந்து, சக்கரமாக வார்த்தார்கள். அதுதான் சாணை. தூளின் நயத்தைப் பொறுத்துச் சக்கரத்தின் வேலை மாறும்: பருமனான தூள் இரும்பைத் தீட்டவும், நுண்தூள் மணிகளைப் பட்டை தீட்டி மெருகேற்றவும் உதவின. அரக்கு சூட்டில் இளகக்கூடியது என்பதால் தேய்ந்த சக்கரத்தை உருக்கி மீண்டும் வார்க்கலாம்; கல்தூள் வீணாவதில்லை. கிரெவில் காலத்து ஐரோப்பியர் வியந்து எழுதியது இந்தத் தொழில்நுட்பத்தைத்தான். தெருவில் சாணைச் சக்கரத்தைத் தோளில் சுமந்து குரல் கொடுத்து வருபவரைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இன்று அந்தச் சக்கரம் ஆலையில் வார்த்தது என்பதே வேறுபாடு.

சமஸ்கிருதத்தின் ‘குருவிந்த’ என்ன பொருள் தருகிறது?

ஒன்றல்ல, பல பொருள்கள். கோரைக்கிழங்கு, ஒருவகைத் தானியம், சாதிலிங்கம், மாணிக்கத்தின் ஒரு வகை என்று அகராதிகள் அடுக்குகின்றன. சொல்லாராய்ச்சிக்கு மிகவும் பயன்படும் சான்று சுசுருத சம்ஹிதையில் இருக்கிறது. உலோகக் கருவிகள் இல்லாத இடத்தில், அல்லது குழந்தைகளும் கத்திக்கு அஞ்சுவோரும் நோயாளிகளாக வரும்போது, மருத்துவர் கையாளத்தக்க துணைக்கருவிகளை அந்நூல் வரிசைப்படுத்துகிறது. மூங்கில் சிம்பு, பளிங்கு, கண்ணாடி, குருவிந்தம், அட்டைப்பூச்சி, நெருப்பு, அரிக்கும் காரம், நகம் என்று அந்த வரிசை போகிறது. பளிங்குக்கும் கண்ணாடிக்கும் பக்கத்தில் வரும் குருவிந்தம் அணிகலனாக இருக்க முடியாது. கூர்மையும் கடினமும் உள்ள கல் என்ற பொருள் வடமொழியிலும் பழமையானதே என்பதற்கு இது நல்ல ஆதாரம்.

தமிழ் இலக்கியத்தில் இச்சொல் இருக்கிறதா?

மாணிக்கமாக இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையின் மணிக்கடைத் தெருவைக் காண்கிறான். அங்கே குற்றமற்ற செம்மணிச் சாதிகளை ‘பதுமமும் நீலமும் விந்தமும் படிதமும்’ என்று இளங்கோ எண்ணுகிறார். இதில் வரும் ‘விந்தம்’ என்பதற்குக் குருவிந்தம் என்றே பொருள் கொள்ளப்படுகிறது. பல நூற்றாண்டுகள் கழித்து, பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணத்தின் மாணிக்கம் விற்ற படலத்தில், மாணிக்கத்தின் வகைகளுள் ஒன்றாகக் குருவிந்தத்தைச் சொல்கிறார். இறைவனே மணிவணிகராக வந்து இலக்கணம் கூறும் இடம் அது.

புலவர்களின் குருவிந்தம் எப்போதும் மணி. அதற்குச் சாதி உண்டு, குணமும் குற்றமும் உண்டு, விலை உண்டு. தொழிலாளரின் குருந்தம் தூளாக்கப்படும் கல். நீண்ட வடிவம் ஏட்டிலும், குறுகிய வடிவம் பட்டறையிலும் வாழ்ந்திருக்கின்றன. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது இரண்டாவதை. தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் பெரும்பாலானவை சந்தை, கடற்கரை, சமையற்கட்டு ஆகிய இடங்களிலிருந்து போனவை என்பதை எண்ணினால் இதில் வியப்பில்லை. கப்பலில் வந்தவர்களுக்குக் காப்பியத்தைவிடக் கத்தி தீட்டுபவரிடம்தான் முதலில் வேலை இருந்தது.

குருந்தத்திலிருந்து குருவிந்தம் வந்ததா, குருவிந்தத்திலிருந்து குருந்தமா?

இரண்டு திசைகளுக்கும் வாதம் உண்டு. பேச்சில் நீண்ட சொற்கள் சுருங்குவது இயல்பு என்பதால் ‘குருவிந்தம்’ நடுவில் ஓர் அசையை இழந்து ‘குருந்தம்’ ஆயிற்று என்று கொள்வது எளிது. இதற்கு மாறாக, தென்னாட்டில் விளைந்த பொருளின் பெயர் தெற்கிலிருந்தே வடக்கே சென்றிருக்க வேண்டும் என்றும், சமஸ்கிருதச் சொல்லே திராவிடக் கடன் என்றும் கருதுவோர் உள்ளனர். சமஸ்கிருதத்துக்குள் இச்சொல்லுக்குத் தெளிவான வினையடி காட்டப்படாததும், பொருள்கள் புல்லுக்கும் மணிக்குமாகச் சிதறிக் கிடப்பதும் இவர்கள் தரப்புக்கு வலுச் சேர்க்கின்றன. நான் இரண்டாம் கருத்தின் பக்கமே சாய்கிறேன். ஆனால் இதை முடிந்த முடிபாக மேடையில் முழங்குபவரோடு சேரமாட்டேன்.

‘குரு’ என்றால் தமிழில் நிறம்தானே? அதிலிருந்து வந்தது என்று சொல்லலாமா?

தொல்காப்பியத்தின் உரியியல் ‘குருவும் கெழுவும் நிறனாகும்மே’ என்கிறது. சங்கப் பாடல்களிலும் குரு என்பது நிறம், ஒளி என்ற பொருளில் வருகிறது. ஒளிரும் செம்மணிக்கு நிறத்தைக் குறிக்கும் அடியிலிருந்து பெயர் அமைவது பொருத்தமாகவே தோன்றுகிறது. எனினும் ஒலியும் பொருளும் ஒத்துப்போவது சொற்பிறப்பு விசாரணையின் தொடக்கமே. ‘குரு’ என்னும் அடியைப் பிரித்தெடுத்தால் எஞ்சும் ‘விந்தம்’ அல்லது ‘ந்தம்’ என்பது என்ன, அதே ஈற்றோடு நிறப்பெயரிலிருந்து பிறந்த வேறு சொற்கள் எவை என்ற கேள்விகளுக்கு விடை சொன்ன பிறகே அதை ஏற்க வேண்டும். அதுவரை இது அழகான கருதுகோள். மேலும், சாம்பல் நிறக் கட்டிக்குத் தொழிலாளர் ‘நிறமுடையது’ என்று பெயர் வைத்திருப்பார்களா என்றும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

குருந்த மரத்துக்கும் இக்கல்லுக்கும் தொடர்பு உண்டா?

இல்லை. திருப்பெருந்துறையில் மாணிக்கவாசகர் குருவைக் கண்ட குருந்த மரம் காட்டெலுமிச்சை இனம். பெயர் ஒத்திருப்பது தற்செயல். ஆண்டவர் அமர்ந்தது குருந்தின் நிழல், ஆட்கொள்ளப்பட்டவர் பெயர் மாணிக்கம் என்று இதில் ஒரு நயத்தைக் கண்டு மகிழ்வோர் மகிழலாம். சொற்பிறப்புக்கு அது உதவாது. இலங்கை வாசகர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: சிங்களத்தில் ‘குருந்து’ என்றால் கறுவா. கொழும்பின் கறுவாத்தோட்டத்துக்குச் சிங்களத்தில் குருந்துவத்தை என்று பெயர் வந்தது அதனால்தான். மாணிக்கக்கல்லுக்குப் பேர்போன தீவாக இருந்தாலும் அந்தப் பெயரில் கல் எதுவும் இல்லை.

சொல்லின் ஈறு இலத்தீன்போல் ஒலிக்கிறதே?

அது ஒரு நல்வாய்ப்பு. ‘குருந்தம்’ என்பதன் ‘அம்’ ஈறு, இலத்தீனின் ‘உம்’ ஈற்றோடு காதுக்கு ஒத்துப்போயிற்று. ஆகையால் இது படித்த ஐரோப்பியருக்கு அந்நியமாகப் படவில்லை. இன்றும் ஆங்கிலேயர் பலர் இது இலத்தீன் சொல் என்றே நினைக்கிறார்கள். ஜெர்மானியர் ஈற்றைக் களைந்து ‘கொருண்ட்’ என்கிறார்கள், ரஷ்யர்களும் அப்படியே. பிரெஞ்சுக்காரர்கள் ‘கொரெந்தோன்’ என்று தங்கள் வழக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

எமரி என்பது இதன் உறவுச் சொல்லா?

பொருளால் உறவு, சொல்லால் உறவில்லை. எமரி என்பது குருந்தத்தோடு இரும்புக் கனிமங்கள் கலந்த கருநிறப் பாறை. கிரேக்கத்தின் நக்சோஸ் தீவு அதற்குப் பழங்காலம் முதல் பெயர்பெற்றது. அப்பெயர் கிரேக்கத்தின் ‘ஸ்மூரிஸ்’ என்பதிலிருந்து இத்தாலியும் பிரான்சும் கடந்து வந்தது.

கார்பொரண்டம் என்ற பெயரும் இதிலிருந்து வந்ததா?

ஆம், ஒரு தவறான ஊகத்தின் வழியாக. அமெரிக்கரான எட்வர்ட் அச்சசன் 1891-இல் களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்து மின்சாரத்தால் கடுஞ்சூடேற்றினார். ஆறிய பிறகு மின்னும் சிறு படிகங்கள் கிடைத்தன. அவை கண்ணாடியைக் கீறின. களிமண்ணில் அலுமினியம் இருப்பதால், கார்பனும் கொரண்டமும் சேர்ந்த ஒரு புதுப்பொருள் உருவாகிவிட்டது என்று கருதி, இரண்டு பெயர்களையும் ஒட்டிக் ‘கார்பொரண்டம்’ என்று பெயரிட்டார். பிறகு சோதித்தபோது அது சிலிக்கன் கார்பைடு என்றும், அதில் கொரண்டம் துளியும் இல்லை என்றும் தெரிந்தது. அதற்குள் பெயர் வணிகத்தில் ஊன்றிவிட்டது. 1893-இல் காப்புரிமையும் கிடைத்தது.

இந்தப் பெயர் ஊர் திரும்பிய கதையும் உண்டு. அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களுடன் கூட்டாக முருகப்பா குழுமம் 1954-இல் சென்னையில் அரவைச் சக்கரம் செய்யும் தொழிலைத் தொடங்கியபோது அதன் பெயர் ‘கார்பொரண்டம் யுனிவர்சல்’ என்று அமைந்தது. சென்னை வழியாகக் கல்லோடு கப்பலேறிய சொல், இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கழித்து, முன்னால் ஒரு கார்பனை ஒட்டிக்கொண்டு, அதே கடற்கரைக்கு அதே சாணைத் தொழிலுக்காக வந்து சேர்ந்தது.

மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் ஆங்கிலத்தில் உள்ள பெயர்கள் எங்கிருந்து வந்தவை?

‘ரூபி’ இலத்தீனில் சிவப்பைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘சஃபையர்’ கிரேக்கத்திலிருந்து வந்தது; பண்டைக் கிரேக்கர் அப்பெயரால் அழைத்தது பெரும்பாலும் இன்றைய நீலத்தை அன்று, லேப்பிஸ் லாசுலி என்னும் வேறொரு நீலக்கல்லை. இளஞ்சிவப்பும் செம்மஞ்சளும் கலந்த அரிய கொரண்டத்துக்கு மட்டும் ‘பத்பராட்சா’ என்று ஒரு விசித்திரப் பெயர் வழங்குகிறது. அது சிங்களத்தின் வழியாகச் சென்ற பத்மராகம், தாமரை நிறம். இளங்கோவின் ‘பதுமம்’ என்பதன் நெருங்கிய உறவு. ஆக, சிலம்பின் ஒரே அடியில் வரும் பதுமமும் விந்தமும், தனித்தனி வழிகளில், தனித்தனி நூற்றாண்டுகளில் ஆங்கில அகராதியை அடைந்திருக்கின்றன.

தமிழில் எழுதும்போது கொரண்டம் என்பதா, குருந்தம் என்பதா?

கனிமத்தைச் சொல்லும்போது குருந்தம் என்று எழுதுவதில் எந்தத் தடையும் இல்லை. ஆங்கிலமே அதைத்தான் சொல்கிறது, சற்றுத் தேய்ந்த ஒலியில். குருவிந்தம் என்பதை மாணிக்க வகைக்கு வைத்துக்கொள்ளலாம். கார்பொரண்டத்தைக் ‘கரிக்குருந்தம்’ என்று மொழிபெயர்க்கலாமே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். அச்சசன் செய்த தவறு ஆங்கிலத்தோடு நிற்கட்டும். சிலிக்கன் கார்பைடு என்று எழுதினாலே போதும்.